தோள் வெட்டாத கிற்றார்

"ஐயா, அந்தப் பழசை இன்னொருக்கால் எடுங்கோ."

எத்தினையாவது தரமெண்டு எண்ணிறதையே விட்டிட்டன். ஏணியில ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போச்சு. கிளிநொச்சி வெய்யில். அதோட சந்தை நாள். காலமை துவங்கி ஒரு பிளேன்ரீ குடிக்கவும் வழியில்லை.

எங்கட கடையில ரேடியோவும் சைக்கிள் சாமானும்தான் ஓடும். இந்த ரண்டு கிற்றாரையும் முதலாளி அப்புத்துரையர் கொழும்பில என்ன நினைச்சு வாங்கினாரோ, அவருக்கே வெளிச்சம். ஒண்டு வழமையான பழையமாதிரி, ரண்டு தோளும் முழுசா உருண்டிருக்கும். மற்றது புதுமாதிரி. கீழ்ப்பக்கத் தோளை உள்ளுக்கு வளைச்சு வெட்டியிருக்கும். அந்த வெட்டுக்குள்ளால விரல் கழுத்தின்ர அடிமட்டும் போகுமாம், கீச்செண்ட மேல்சத்தமெல்லாம் எடுக்கலாமாம்.

வந்தவை ரண்டு பேர். முல்லைத்தீவுக் கரையிலயிருந்து பரந்தனில பஸ் மாறி வந்தவை. மரியநேசனெண்டு முப்பது வயசு மதிக்கிற ஆள். கூட அவரின்ர அண்ணி அற்புதம்.

மனுசன் முதல் தூக்கினது வெட்டினதைத்தான். மடியில வைச்சு வாசிச்சார் பாருங்கோ! சைக்கிள் ரியூப் வாங்க வந்த வட்டக்கச்சி வீரகத்தி ரியூப்பை மறந்து நிண்டார். விரல் அந்த வெட்டுக்குள்ள இறங்குது, ஏறுது. எனக்குக் காலமை துவங்கி நிண்ட கால் நோவும் தெரியேல்லை.

"உமக்கெண்டே செய்த சாமான், தம்பி. கட்டட்டோ?"

"எடு, நேசன்," எண்டா அற்புதம். "உன்ர அண்ணையும் அதைத்தானே சொல்லிவிட்டவர். உனக்குப் பிடிச்சதை எடுக்கட்டாம்."

மரியநேசன் கிற்றாரை ஒருக்கால் தடவிப்போட்டு மெல்ல மேசையில வைச்சார்.

"பழசைக் காட்டுங்கோ, ஐயா."

அதில துவங்கின அலுப்புத்தான். ஏணியில ஏறிப் பழசை எடுத்துக் குடுப்பன், முன்னுக்கும் பின்னுக்கும் திருப்புவார், திரும்பத் தருவார். பிறகு புதுசைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பிறகும் பழசு.

"விலைதான் யோசினையோ?"

"இல்லை ஐயா, புதுசு வாங்கக் காசோடதான் வந்தனாங்கள்."

"பிறகேன் தம்பி என்னைப் போட்டு வதைக்கிறீர்? பழசில அந்த மேல்சத்தம் வராது. தோள் கையை இடிக்கும்."

"ஓம், இடிக்கும்," எண்டார். "பழசையே தாங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. வீரகத்தியும் விடேல்லை.

"கரைச் சனத்துக்குத் தாராளமான கையெண்டு சொல்லுவினம். இவர் கஞ்சத்தனத்தில வயல் செய்யிற எங்கட கமக்காரரை வெண்டிடுவார் போல கிடக்கு!"

நானும் சேர்ந்து சிரிச்சன். அற்புதத்தின்ர கண் கலங்கிப்போச்சு.

"வேண்டாம் நேசன். எத்தினை கலியாண வீட்டில இரவல் கிற்றாரோட நிண்டனி. உனக்கெண்டு ஒண்டு வேண்டாமோ?"

அவர் என்னட்டைக் குறடு கேட்டார். குடுத்தன். வாங்குப் பலகையில குந்தினார். ஒவ்வொரு கம்பியாக் கழட்டி, கீழ இருந்ததை மேலயும் மேல இருந்ததைக் கீழயுமாப் பூட்டத் துவங்கினார்.

"விசரே உமக்கு? மாறிப் பூட்டினால் ஆர் வாசிக்கிறது?"

"திருப்பிப் பிடிச்சால் வாசிக்கலாம், ஐயா. வலக்கை கழுத்தில, இடக்கையால தட்டுறது. புதுசைத் திருப்பினால் வெட்டு மேல்பக்கம் போயிடும், விரலுக்கு உதவாது. இது எப்பிடித் திருப்பினாலும் ஒண்டுதான்."

"நீர் நேராத்தானே வாசிச்சனீர்?"

"எனக்கில்லை, என்ர அண்ணைக்கு. எங்கட ஊரில கிற்றாரெண்டால் யோசெப் அண்ணைதான். போன வருசம் மீனுக்கு எறியிற வெடி, நெருப்பு வைச்ச உடன கையிலயே வெடிச்சிட்டுது. இடக்கையில மூண்டு விரல் இல்லை. அவரின்ர கிற்றாரும் ஆஸ்பத்திரிச் செலவோட போட்டுது. இப்ப துடுப்புத் தடியைக் கிற்றார்மாதிரிப் பிடிச்சு வலக்கை விரலைப் பழக்கிறார். ஆரும் வந்தால் ஒளிச்சுப்போடுவார்."

"அப்ப ஏன் இஞ்சயே மாத்துறீர்? வீட்டை போய் மாத்தலாமே?"

"வீட்டை போனால் விடமாட்டார். நீயே வாசி எண்டு என்ர கையில திணிச்சுப்போடுவார்."

வீரகத்தி ரியூப்பையும் எடுக்காமல் வெளியில இறங்கிப் போனார். எனக்கு என்ர வாயிலயே அடிக்கவேணும்போல இருந்துது. இவ்வளவு நேரமும் எவ்வளவு கதைச்சுப்போட்டன்!

"தம்பியெண்டால் உம்மைப்போல இருக்கவேணுமப்பா," எண்டன். "என்ன ஒரு மனம்!"

குறடு நிண்டுது. மனுசன் தலை நிமிர்த்தேல்லை.

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ, ஐயா. அந்த வெடிக்குத் திரி வெட்டினது நான். சோம்பலில அளந்து பார்க்கேல்லை, கட்டையா வெட்டிப்போட்டன். அண்ணை இண்டைக்கும் தன்ர பிழையெண்டுதான் ஊருக்குச் சொல்லுறார். இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் நான் வாய் திறக்கேல்லை."

அற்புதம் மெல்ல வந்து அவருக்குப் பக்கத்தில குந்தினா. கழண்டு கிடந்த கடைசிக் கம்பியை எடுத்து அவரின்ர கையில குடுத்தா.

"அது அவருக்கு அண்டைக்கே தெரியும், நேசன். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லிவிட்டவர், உனக்குப் பிடிச்சதை எடுக்கட்டாம் எண்டு."