சங்கு ஊதியதும் வாக்கெடுப்பு

நகரசபைத் தலைவர் இராஜசிங்கம் ஒரு காதை ஜன்னல் பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் பேச்சைத்தான் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார் என்று உறுப்பினர் சுசீலாதேவி பாவம், நம்பிவிட்டார்.

"ஊரடங்கு போட்டு வரி வசூல் படுத்தது தொழிலாளிங்க குத்தமாங்க? மாசத்துல பாதி நாள் சம்பளமில்லாத லீவுன்னா அவங்க வீட்டு அடுப்பு எப்படி எரியும்?"

"சபையில காசில்லம்மா. ஆள் குறைஞ்சா ஊர் ஒண்ணும் கவுந்துடாது." தலைவர் சிரித்தார். "இன்னைக்குக் காலையிலேயே பெரிய கிளாக்கர்கிட்ட சொல்லி யாரோ ஒருத்தர லீவுல அனுப்பியாச்சு. யாருன்னு எனக்கே தெரியாது. உங்க யாருக்காவது ஏதாவது குறைஞ்சுதா?"

ஒருவருக்கும் குறையவில்லை. மாத்தளைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிறு நகரம் வழக்கம்போல வெயிலில் சோம்பிக் கிடந்தது.

"அப்ப சரி. பகல் சங்கு ஊதினதும் கை தூக்குவோம். அப்புறம் சாப்பாடு."

அந்தச் சபையில் எதுவும், ஊருக்கே நேரம் சொல்லும் நகரசபைச் சங்கு ஊதித்தான் முடியும். அதற்கு முன் யாராவது எழும்பினால் தலைவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

சுசீலாதேவி மற்ற உறுப்பினர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் எதிர்த்துத் தூக்கப் போவது அவர் கை ஒன்றுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சங்கு ஊதும்வரையாவது பேசுவோம் என்று குடிதண்ணீரில் தொடங்கினார்.

அவர் கழிவுநீர்க் கான்களைக் கடந்து தெருவிளக்குக்கு வந்தபோது, அடுத்த அறையிலிருந்து கோழிக்கறி வாசம் வந்தது. உறுப்பினர் இத்ரூஸ் ஹாஜியாரால் பொறுக்க முடியவில்லை.

"சேர்மன், என் மணிக்கூட்டுல ஒரு மணி தாண்டிருச்சு."

"உங்க மணிக்கூட்டுக்கெல்லாம் சபை நடக்காது ஹாஜியார். இங்க சங்குதான் நேரம்."

சுசீலாதேவி தெருவிளக்கை முடித்துச் சந்தைக் குப்பைக்கு வந்தார். தலைவரின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி கடமுடவென்றது. அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"ஏன்யா இன்னும் ஊதல? அந்தச் சங்கு ஊதுறவன் தூங்குறானா? போய்க் கூட்டிட்டு வாங்க!"

மூலையில் கூட்டக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பெரிய கிளாக்கர் ஆறுமுகநாதன் மெதுவாக எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலையில லீவுல அனுப்பினது அவரைத்தாங்க."