நாலாவது கால்

சாலை இல்லாத அந்த மலையூருக்குக் காப்பீட்டு அதிகாரி வந்து சேர்ந்ததே செசிலியின் குதிரை பவளத்தின் முதுகில்தான். இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, குனிந்து அதன் கால்களைப் பார்த்தார். இடது முன்னங்காலில் பிறைபோல ஒரு தழும்பு.

“பழைய காயம். இந்தக் காலுக்கு மட்டும் காப்பீடு கிடையாதும்மா.”

மலையில் குதிரைக்கு ஆபத்து என்றாலே அது காலுக்குத்தான். “காயமில்ல சார், சூடு. குட்டியில வயித்து வலிக்கு எங்கப்பா போட்டது.”

“எதுவா இருந்தாலும் தழும்பு தழும்புதான்.”

செசிலி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். அங்கேயும் அதே பிறை. “காமாலைக்கு அதே கம்பியாலதான் எனக்கும் போட்டாரு. நாப்பது வருஷமா இந்த மலைய ஏறி இறங்குறேன். எங்க நொண்டுறேன், காட்டுங்க!”

அதிகாரி நிமிரவில்லை. ‘மூன்று கால்களுக்கு மட்டும்’ என்று படிவத்தில் எழுதி முத்திரை குத்தினார்.

பொழுது சாய்வதற்குள் அவர் மலையிறங்க வேண்டும். செசிலி பவளத்துக்குச் சேணம் பூட்டி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏறுங்க சார். மூணு கால் உங்க பொறுப்பு. நாலாவது என் பொறுப்பு.”

ஒற்றையடிப் பாதையின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். அதிகாரி ஒரு காலைச் சேணத்தில் தொங்கிய அங்கவடியில் வைத்தார். இன்னொரு கால் தரையைவிட்டு எழவில்லை.