புள்ளிகளால் ஆன கோமதி

கோமதி இறந்த பிறகுதான் அந்தப் படம் வீடு வந்து சேர்ந்தது. அவளும் புருஷன் ஆவுடையப்பனும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வெறும் புள்ளிகளாகவே வைத்து வரைந்திருந்தார் ஓவியர். கிட்டே போனால் கடுகு சிதறிக் கிடப்பது போலிருக்கும்; தள்ளி நின்றால்தான் ஆள் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் கோமதி சிரிக்கிறாள் என்றார்கள். கன்னத்தில் நீலப் புள்ளிகள் இருக்கின்றன, அழத்தான் செய்கிறாள் என்றார்கள் மற்றவர்கள். அது தெரியாமல் ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வீடோ தீப்பெட்டி. தள்ளி நிற்க இடமில்லாமல் முன்சுவரை இடித்தார். அதுவும் போதாமல் எதிரே இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, உங்க சுவரையும் கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?”

“எடுத்துக்கிடும்வே. பின்னால எம் பொண்டாட்டி குளிச்சிக்கிட்டு இருக்கா, ஒரு சத்தம் குடுத்துட்டு இடியும்.”

கடைசியில் என் கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்று பார்த்தார்.

“என்னவே, சிரிக்காளா, அழுவுதாளா?”

“சிரிக்கத்தான் செய்யுதா, அண்ணாச்சி. என்னையப் பாத்துதான் சிரிக்கா. நான்தான் வேற எங்கியோ பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பிறகு செங்கல் குவியல்களைத் தாண்டிப் படத்திடம் ஓடினார். படத்திலிருந்த தன் காதோரம் வாயை வைத்து, “திரும்பிப் பாருல, ஒரேயொரு தடவ திரும்பிப் பாருல” என்று கெஞ்சினார். அவ்வளவு கிட்டத்தில் காது ஏது? நாலைந்து பழுப்புப் புள்ளிகளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.