மேற்கே திரும்பிய கார்

போன மாதம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெனடிக்டா, அன்று மத்தியானம் முன்கண்ணாடியின் உள்பக்கத்தை ஷாம்பூ தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவைத்தாள். கொட்டகை நிழலில் அது பளிச்சென்றுதான் இருந்தது. சாயங்காலம் உப்பளத்துச் சாலையில் மேற்கே திரும்பியதும் வெயில் நேராக விழுந்தது. துணி இழுத்த கோடெல்லாம் ஒன்றுசேர்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் கண்ணாடி முழுக்க வெளுத்துப்போனது.

"ஒண்ணுமே தெரியலைங்க."

"பிரேக்க மிதி," என்றான் பக்கத்தில் இருந்த அவள் கணவன் சகாயம்.

மிதித்தாள். எதுவோ லேசாக இடித்ததுபோல இருந்தது. இடிக்காதது போலவும் இருந்தது. சகாயம் உள்ளங்கையால் கண்ணாடியைத் தேய்த்தான், இன்னும் மங்கியது. இறங்கிப் பார்க்க இருவருக்கும் துணிவு வரவில்லை. அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். உப்பள வேலை முடிந்து வந்த ஒரு பெண் பானெட்டின் மேல் கையூன்றி நின்றிருந்தாள்.

"அக்கா, அடிபட்டிருச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அந்தப் பெண், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே. "கூட வந்த பிள்ளையத்தான் காணல."

சகாயம் கதவைத் திறந்துகொண்டு வண்டியின் முன்பக்கம் ஓடினான். அந்தப் பெண் பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் பார்க்க மெல்லக் குனிந்தாள். காலைத் தளர்த்தினால் வண்டி நகர்ந்துவிடுமோ என்று பெனடிக்டா பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.