சாமியார் நம்பர்

“பழைய ஆபீஸ்ல நீங்க பெரிய மந்திரவாதியாமே சார்! நாங்க எடுக்கற சீட்டு என்னன்னு போன்ல ஒரு சாமியார் சொல்லுவாராமே?”

மாற்றலாகி வந்த கேஷியரை மதிய இடைவேளையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“சாமியார் இப்பல்லாம் பேசறதில்லைங்க” என்றார் கேஷியர்.

யாரும் விடுவதாக இல்லை. மேனேஜரே சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவி எல்லோருக்கும் காட்டினார். ஸ்பேடு ஏழு.

வேறு வழியின்றி கேஷியர் தன் மனைவியின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ‘எடுக்கலீங்க’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என அவர் நினைத்தபோது மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “வணக்கம், சாமி சாப்பிட்டாச்சுங்களா?”

“ஸ்பேடு ஏழு!” என்றது ஒரு கரகரத்த பெண்குரல். பட்டென்று இணைப்பு அறுந்தது.

ஆபீஸே கைதட்டியது. அவர் மாடிப்படிக்கு ஓடி, மறுபடி அழைத்தார்.

“அத்தை, நீங்களா? ‘வேலையத்த கூத்து’ன்னு திட்டுவீங்களே! வணக்கம்னா ஸ்பேடு, சாப்பிட்டாச்சான்னா ஏழு... இது அவளுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?”

“ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்கார வெச்சு, அத்தனையும் மனப்பாடம் பண்ண வெச்சுட்டா மாப்பிள்ளை. ‘எனக்கப்புறம் அவர் நாலு பேர் முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதும்மா’ன்னா.” மாமியார் மூக்கை உறிஞ்சினாள். “அவ கண்ணை மூடின நாள்லேர்ந்து இந்த போனை இடுப்புலயே சொருகி வெச்சிருக்கேன். ஏன் இத்தனை நாளா கூப்பிடவே இல்ல?”