வலது கைப்பிடி

கேம் கன்ட்ரோலர் செய்யும் தொழிற்சாலையில், ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து அதிர்வைச் சரிபார்ப்பது அவள் வேலை. காலடிச் சுவிட்சை மிதித்தால் இடது கைப்பிடிக்குள் பெரிய மோட்டார் உறுமும். வலதில் சின்னது, வண்டு சிறகடிப்பது போல. காலையிலிருந்து இது மூன்றாவது, வலது பக்கம் செத்துக் கிடக்கிறது. பழுதானவை போடும் சிவப்புத் தட்டில் போடுகிறாள். பக்கத்து மேசைக்காரி எடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நல்லாத்தானே அதிருது?" என்கிறாள். அவள் வலது உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறாள். "கை வேர்த்துப்போச்சுடி," என்று சிரித்து மழுப்பி, அதைத் திரும்ப வாங்குகிறாள். சூப்பர்வைசரின் பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. கன்ட்ரோலரைக் குப்புறப் புரட்டி, கைப்பிடிகளை இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டு சுவிட்சை மிதிக்கிறாள். இடது கையில் வண்டு சிறகடிக்கிறது. வலது கையில், உறுமல்கூட இல்லை.