குளவி கொட்டிய கை

திருக்கழுக்குன்றத்து மருந்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் தையல்காரி சைனம்பு வலது கையை நீட்டி வைத்திருக்கிறாள். ஜன்னலில் கூடு கட்டிய குளவி கொட்டி, புறங்கை பன் மாதிரி உப்பியிருக்கிறது. காலை வெயில் மருந்துப் பெட்டிகள்மேல் சாய்ந்து விழுகிறது. "எப்பவும் வாங்குற வலி மாத்திரையே ரெண்டு அட்டை குடு, பிரபா. நாளைக்குள்ள நாலு ஜாக்கெட் தெச்சாவணும்." கடை நடத்தும் பிரபா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றுகிறாள். அது சொட்டுகிற இடத்தில், சைனம்புவின் பாதத்துக்குள் செருப்பு வார் புதைந்து கிடப்பதைப் பார்க்கிறாள். "அக்கா, குளவி கைலதான கொட்டுச்சு? காலு ரெண்டும் ஏன் வீங்கிக் கீது?" "அது ஒரு மாசமா கீது. ஒக்காந்தே தெக்கிறேன்ல." "மாத்திரை டெய்லி எத்தினி போடுற?" "மூணு. முதுகுவலி வந்ததுலேர்ந்து, ரெண்டு வருசமா." எடுத்த அட்டைகளைப் பிரபா திரும்ப அலமாரியில் வைக்கிறாள். "இத்த இப்டித் தின்னா கிட்னி போயிடும்க்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணணும்." சைனம்பு தன் கால்களை யாருடையவோ போலக் குனிந்து பார்க்கிறாள். "எனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" பிரபா அவளோடு வெளியே வந்து ஷட்டரைப் பாதி இழுக்கிறாள். "கடைய ஏன்டி மூடுற? நானே போறேன்." "கேக்கும்போதெல்லாம் எடுத்துக் குடுத்தது நான்தானக்கா," என்று கொட்டுப்படாத கையைப் பிடித்துக்கொள்கிறாள் பிரபா.